தொப்புளுக்கு இடதுபுறம் இரண்டு விரல்

என் மனைவிக்கு இன்சுலின் ஊசி போடுவதில் நான் கைதேர்ந்தவன் என்று ஏறக்குறைய இரண்டு வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். நம்பியதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. பட்டறையில் டீ குடிக்கிற நேரத்தில் நாலு பேர் காதில் விழும்படி அதைச் சொல்லியும் வந்தேன். "நர்ஸ் போட்டா அவளுக்குக் கண்ணுல தண்ணி வரும், நான் போட்டா போட்டதே தெரியாது" என்பேன். கேட்பவர்கள் தலையாட்டுவார்கள். ஓசியில் டீ வாங்கித் தருகிறவன் பேச்சுக்கு யார்தான் தலையாட்ட மாட்டார்கள்?

நான் லேத் வேலைக்காரன். ஆவாரம்பாளையத்தில் பம்பு மோட்டாருக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுக்கும் ஒரு பட்டறையில் சின்ன வயதில் சேர்ந்தவன், இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறேன். இப்போது மெஷினில் நிற்பதில்லை. கடைந்து வந்ததை அளந்து பார்த்து, சரி, தப்பு என்று பிரித்துப் போடுவது என் வேலை. எங்கள் தொழிலில் இருப்பது ஒரே ஒரு தர்மம். முதல் ஷாஃப்ட் எப்படி இருக்கிறதோ ஆயிரமாவதும் அப்படியே இருக்க வேண்டும். மயிரிழை மாறினாலும் கழிவுத் தொட்டிக்குத்தான் போகும். இந்தப் புத்தியோடுதான் நான் ஊசியைக் கையில் எடுத்தேன், அங்கேதான் வந்தது வினை.

அவளுக்குச் சர்க்கரை வந்து பன்னிரண்டு வருடம் மாத்திரையிலேயே ஓடியது. பிறகு ஒருநாள் டாக்டர், மாத்திரை மட்டும் இனிப் பத்தாது, இன்சுலின் போட்டே ஆக வேண்டும் என்றார். அவள் முகம் செத்துப்போனது. பஞ்சாலையில் நூலைக் கூம்பில் சுற்றுகிற கோன் வைண்டிங் பிரிவில் பதினெட்டு வருடம் வேலை பார்த்தவள் அவள். ஓடுகிற மெஷினில் அறுந்த நூலைக் கண்ணிமைக்கிற நேரத்தில் பிடித்துக் கட்டுவாள். ஆனால் ஊசி என்றால் மட்டும் அவளுக்கு உயிர் போய்விடும். எங்கள் மகளுக்குத் தடுப்பூசி போடப் போன காலத்திலேயே குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு வெளியே போய் நின்றுகொள்வாள்.

"என்னால ஆகாதுங்க. நானே என்னைக் குத்திக்க என்னால முடியாதுங்க" என்றாள் டாக்டரிடம்.

"அவரு போடுவாரும்மா" என்றார் டாக்டர், என்னைக் காட்டி. பட்டறைக்காரன் என்று தெரிந்து சொன்னாரோ, வேறு யாரும் இல்லை என்று சொன்னாரோ தெரியாது. எனக்குப் பெருமையாக இருந்தது.

காலை ஏழு மணிக்கு ஒன்று, மாலை ஏழு மணிக்கு ஒன்று. ஃப்ரிட்ஜ் கதவில் இருக்கும் குட்டிப் பாட்டிலை எடுத்து, உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து மெதுவாக உருட்ட வேண்டும். அடியில் தங்கிய மருந்து மேலே கலந்து பால்போல் ஆனதும் சிரிஞ்சில் கோடு பார்த்து இழுக்க வேண்டும். கோடு பார்ப்பதில் என்னை யார் அடித்துக்கொள்ள முடியும்? மயிரிழையை அளக்கிற வெர்னியரோடு வாழ்ந்தவன். குமிழ் ஒன்றுகூட இல்லாமல், கோட்டுக்கு மேலே ஒரு நூல் இல்லாமல் எடுப்பேன். பிறகு கட்டிலில் அவள் பக்கத்தில் உட்காருவேன். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு அன்றைக்கு நடந்தது எதையாவது பேச ஆரம்பிப்பாள். பேசினால் வலி தெரியாதாம். எதிர்வீட்டு நாய் குட்டி போட்டது, கொத்தமல்லி விலை, மகள் போனில் சொன்னது என்று ஏதாவது ஒன்று. ஊசி போட்டு முடித்த பிறகும் பேச்சு முடிந்திருக்காது. சரி, முடியட்டும் என்று இருப்பேன்.

முதல் மாதம் எங்கே போட்டாலும் வலிக்கிறது என்றாள். கை, தொடை, வயிறு என்று எல்லா இடமும் பார்த்தாயிற்று. ஆஸ்பத்திரியில் சர்க்கரை நோயாளிகளுக்குப் பக்குவம் சொல்லித் தரும் சிஸ்டர் அப்போதே சொல்லியிருந்தார், இடத்தை மாற்றி மாற்றிப் போட வேண்டும் என்று. கைப்பக்குவம் இல்லாதவர்களுக்குச் சொல்கிறார் என்று நான் எடுத்துக்கொண்டேன். வயிற்றில் தொப்புளுக்கு இடதுபுறம் இரண்டு விரல் தள்ளிப் போடுவது எனக்கு வசதியாக இருந்ததால் அங்கேயே பெரும்பாலும் போட்டு வந்தேன். மூன்றாவது மாதமோ நாலாவது மாதமோ, ஒருநாள் அவள் கண்ணைத் திறந்து ஆச்சரியமாகப் பார்த்தாள்.

"போட்டுட்டீங்களா?"

"ஆச்சே."

"வலிக்கவே இல்லீங்க."

அன்றைக்கு முடிவு செய்தேன், இதுதான் இடம் என்று. அதற்குப் பிறகு ஒரு நாளும் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. இரண்டு விரலை வைத்து அளந்து, தினம் இரண்டு முறை, குறி தப்பாமல் அதே புள்ளி. அவள் முகம் சுளிக்காத வரைக்கும் எனக்கு வேறு அத்தாட்சி எதுவும் வேண்டியிருக்கவில்லை.

இன்சுலின் வந்த பிறகு உடம்பில் சில மாற்றங்கள் வரத்தான் செய்தன. ஆறே மாதத்தில் அவள் சதை போட்டாள். ஜாக்கெட்டுகளை எல்லாம் பிரித்துத் தைக்க வேண்டியிருந்தது. "மருந்து போட்டுக் குண்டாக்கறீங்களாக்கும்" என்பாள். அதைவிடப் பெரிய சங்கடம், சர்க்கரை சட்டென்று கீழே இறங்குவது. சாப்பாடு கொஞ்சம் தள்ளிப்போனால் கை நடுங்கும், வேர்க்கும், கோபம் வரும். முதல் தடவை அது வந்தபோது நான் பயந்துபோய்விட்டேன். நடுக்கத்தைப் பார்த்து வந்த பயமில்லை அது. கல்யாணமான நாளிலிருந்து என்னை ஒருமையில் பேசாதவள், "ஏய், அந்த டம்ளரை எடுத்து இங்க வை" என்றாள். மாமியாருக்கும் சண்டைக்காரிக்கும்கூட 'ங்க' போடுகிறவள். சர்க்கரைத் தண்ணீர் குடித்துத் தெளிந்த பிறகு, அப்படிச் சொன்னதே அவளுக்கு நினைவில்லை. நான் அதைச் சொல்லிச் சொல்லி அவளைக் கிண்டல் செய்வேன். விரலில் குத்தி மீட்டரில் சர்க்கரை பார்க்கும் முன்பே அவள் பேச்சை வைத்துக் கண்டுபிடித்துவிடுவேன் என்று அதிலும் எனக்கு ஒரு கர்வம். அவள் பையில் எப்போதும் கடலை மிட்டாய் பாக்கெட் இருக்கும்.

ஆனால் இரண்டாவது வருடம் தொடங்கியபோது கதை தலைகீழானது. சர்க்கரை இறங்கவே மறுத்தது. பதினெட்டு யூனிட்டில் ஆரம்பித்தது இருபத்திரண்டு, இருபத்தாறு என்று ஏறி முப்பத்திநாலில் வந்து நின்றது. அப்படியும் ரத்தப் பரிசோதனைத் தாளில் எண்கள் மேலேதான் இருந்தன. ஒருமுறை டாக்டர், "ஒழுங்காத்தான் போடறீங்களா? மருந்தை வெயில்ல கியில்ல வெச்சிடலையே?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. என் கையைச் சந்தேகப்படுகிறாரே என்ற கோபத்தை அவரிடம் காட்ட முடியாமல் வீட்டுக்கு வந்து இவளிடம் காட்டினேன்.

"எனக்குத் தெரியாம எதையாச்சும் திங்கறியா?"

"இல்லீங்க."

"பின்ன எப்படி ஏறுது? மருந்து நான் போடறேன். அளவுல தப்பில்ல. அப்போ தப்பு எங்க இருக்கு?"

நான் சமையலறைக்குப் போய் வெல்ல டப்பாவைத் திறந்து பார்த்தேன். மகள் தீபாவளிக்கு அனுப்பிய மைசூர்பாகு டப்பாவையும் இறக்கி, எண்ணிப் பார்த்தேன். அவள் வாசற்படியில் நின்று நான் எண்ணுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது. அன்றைக்கு இல்லை.

அதற்கு அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு எங்களை அந்தச் சிஸ்டரிடம் அனுப்பினார். சிஸ்டர் அவளைப் படுக்க வைத்தார். வயிற்றை விரல் நுனியால் மெதுவாகத் தடவிக்கொண்டே வந்தவர், தொப்புளுக்கு இடதுபுறம் வந்ததும் நின்றார். என்னைக் கூப்பிட்டார்.

"இங்க கையை வெச்சுப் பாருங்க."

வைத்தேன். தோலுக்கு அடியில் சின்ன எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கட்டி இருந்தது. கல்போல் இல்லை, ரப்பர்போல் திண்ணென்று இருந்தது. பக்கத்தில் மற்ற இடமெல்லாம் மெத்தென்று இருக்க, இது மட்டும் தனியாக மேடிட்டிருந்தது. தினம் இரண்டு முறை அந்த வயிற்றைப் பார்த்தவன் நான். பார்த்தேனே தவிர, தடவிப் பார்க்கவே இல்லை.

"ஒரே எடத்துல போட்டுட்டே இருந்தா இப்படிக் கொழுப்பு கட்டிக்குமுங்க. இதுக்குள்ள போட்டா வலிக்காது. ஆனா மருந்து ஒழுங்கா ரத்தத்துல சேராது. அதனாலதான் அளவு ஏறிக்கிட்டே போயிருக்குது" என்றார் சிஸ்டர். "ஒரு ஊசியை எத்தனை தடவைங்க போடுவீங்க?"

"நாலஞ்சு நாளைக்கு ஒண்ணு."

"மழுங்கிப் போயிருமுங்களே."

மழுங்கின டூலை மெஷினில் மாட்டுகிறவனைப் பட்டறையில் நான் திட்டுகிற திட்டு ஊரே கேட்கும். அந்த நான், மழுங்கின ஊசியால் என் மனைவியை ஒரே இடத்தில் இத்தனை காலம் குத்தியிருக்கிறேன். மைசூர்பாகு எண்ணியது நினைவுக்கு வந்தது. அவள் ஒன்றையும் திருடித் தின்னவில்லை. அவளைப் பார்க்க முடியாமல் சுவரில் மாட்டியிருந்த காய்கறிப் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இனிமே அந்தப் பக்கமே போகாதீங்க. புது எடத்துல மருந்து நல்லா ஏறும். அதனால இதே அளவைப் போடக் கூடாது. டாக்டர் கொறச்சு எழுதித் தருவாரு. ஒரு பத்து நிமிசம் வெளிய உக்காருங்க, கூப்பிடறேன்" என்றார் சிஸ்டர்.

இங்கேதான் நான் செய்யக் கூடாததைச் செய்தேன். வெளியே பெஞ்சில் பத்து பேர் இருந்தார்கள். கதவு திறந்தே இருந்ததால் உள்ளே பேசியது அத்தனையும் கேட்டிருக்கும். ஒருவர் என்னைப் பார்த்து இரக்கமாகச் சிரித்தார். அவ்வளவுதான், எனக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. "எந்திரி, போலாம்" என்றேன்.

"சிஸ்டர் இருக்கச் சொன்னாங்களே" என்றாள் மெதுவாக.

"எல்லாம் எனக்குத் தெரியும். எந்திரி."

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள். வீடு வரும்வரை அவளைத்தான் திட்டினேன். உன் உடம்பு உனக்குத் தெரியாதா, குளிக்கும்போது கை படாதா, ஏன் சொல்லவில்லை என்று. அன்று மாலை ஊசியையும் வீம்புக்குப் பழைய இடத்திலேயே போட்டேன்.

மறுநாள் காலை அவிநாசியில் அவள் தம்பி வீட்டில் விசேஷம். அவன் மகளுக்கு மாப்பிள்ளை முடிவாகி, உப்புச்சர்க்கரை மாற்றுகிற நாள். எங்கள் பக்கம் இரு வீட்டாரும் உப்பும் சர்க்கரையும் மாற்றிக்கொண்டுவிட்டால் வாக்குக் கொடுத்த மாதிரி. அதற்குப் பிறகு மாற்றமில்லை. "அக்கா, நம்ம பக்கத்து உப்பும் சக்கரையும் நீதான் உங்கையால வாங்கிட்டு வரோணும்" என்று தம்பி சொல்லியிருந்தான். அவளுக்கு அது பெரிய மரியாதை. ஒரு கிலோ உப்பு, ஒரு கிலோ நாட்டுச்சர்க்கரை, வெற்றிலை, பழம் எல்லாவற்றையும் புதுப்பையில் அடுக்கி வைத்திருந்தாள்.

ஏழு மணிக்கு ஊசி. இரவில் யோசித்ததில் சிஸ்டர் சொன்னது உறைத்திருந்தது, புது ஊசி எடுத்தேன். தொப்புளுக்கு வலதுபுறம் போட்டேன். அளவு, பழைய முப்பத்திநாலு. டாக்டர் எழுதாத சீட்டை நான் எங்கே போய்ப் பார்ப்பது? ஒரு நாளைக்கு என்ன ஆகிவிடும், நாளைக்குப் போய்க் கேட்டுக்கொள்ளலாம் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். ஊசி இறங்கியதும் அவள் "ஸ்" என்றாள். கண்ணோரம் நீர் வந்தது. அன்றைக்கு அவள் எதுவும் பேசவில்லை. விசேஷத்தில் சாப்பிட வேண்டுமே என்று இரண்டு இட்லியோடு எழுந்துவிட்டாள். நானும் முறைப்பாக இருந்ததால் இன்னும் ஒன்று சாப்பிடு என்று சொல்லவில்லை.

காந்திபுரத்தில் பஸ் ஏறினோம். உட்கார இடம் கிடைத்தது. அவள் ஜன்னலோரம், பை மடியில். நீலாம்பூரைத் தாண்டுவதற்குள் வண்டி இரண்டு இடத்தில் நின்று நின்று நகர்ந்தது. நாங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. அவள் கோபமாக இருக்கிறாள் என்று நினைத்தேன். இருக்கட்டும், எனக்கு மட்டும் கோபம் இல்லையா என்று நான் எதிர்ப்பக்க ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் பேச்சை வைத்தே சர்க்கரையைக் கண்டுபிடிப்பேன் என்று பீற்றிக்கொண்டவன் நான். பேச்சே இல்லாதபோது எதைக் கண்டுபிடிப்பது?

பை அவள் மடியிலிருந்து சரிந்து என் காலில் விழுந்தது.

"பையக்கூடப் புடிக்க மாட்டியா?" என்று திரும்பினேன்.

அவள் முகத்தில் யாரோ ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றியதுபோல் வேர்வை வழிந்தது. ஜன்னலில் காற்று வீசிக்கொண்டுதான் இருந்தது. கண் திறந்திருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. கை முந்தானை நூலைப் பிடித்து இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தது. கூப்பிட்டேன். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. எத்தனை நேரமாக இப்படி இருந்தாளோ. ஒரு சாண் தூரத்தில் உட்கார்ந்திருந்தேன் நான்.

கடலை மிட்டாய் பழைய பையில் இருந்தது. பழைய பை வீட்டில் இருந்தது. புதுப்பையில் உப்பும் சர்க்கரையும். சபையில் வைக்கப் போகிற சர்க்கரை. அதை முன்னாடியே பிரிப்பது ஆகாது என்பார்கள். ஒரு நொடி என் கை தயங்கியது. பொய் சொல்ல மாட்டேன், தயங்கியது. பிறகு பாக்கெட்டைப் பல்லால் கடித்துக் கிழித்தேன். தண்ணீர்ப் பாட்டிலில் பாதியைக் கீழே கொட்டி, சர்க்கரையை அள்ளிப் போட்டுக் குலுக்கினேன். பாதி என் வேட்டியில் கொட்டியது.

"அம்மிணி, இதைக் குடி. வாயைத் தொற கண்ணு."

அவள் கையால் தட்டிவிட்டாள். பின்சீட்டில் இருந்த ஒரு அம்மாள் எழுந்து வந்து, எதுவும் கேட்காமல் அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துப் பிடித்துக்கொண்டார். "முழுங்கறாங்களான்னு பாத்துப் பாத்துக் குடுங்க, பொரை ஏறிரும்" என்றார். கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தேன். முதல் வாய் வெளியே வந்துவிட்டது. இரண்டாவது வாய் தொண்டையில் இறங்கியதைப் பார்த்தேன். கண்டக்டர் வந்து நின்று, "ஏனுங்க, ஆஸ்பத்திரிப் பக்கமா வண்டியத் திருப்பச் சொல்லட்டுங்களா?" என்றார். பஸ்ஸில் இருந்த ஒருவரும் முணுமுணுக்கவில்லை. டிரைவர் ஓரமாக நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வாயில் வந்த சாமியை எல்லாம் கூப்பிட்டேன். இவளை எனக்குத் திருப்பிக் கொடு, இவளை நான் கொன்றுவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். வேறு எதுவும் என் மனதில் இல்லை.

எத்தனை நிமிடம் போனதோ. முந்தானை நூலை இழுத்த விரல்கள் நின்றன. கண் ஒருமுறை மூடித் திறந்தது. என் முகத்தைப் பார்த்தாள், பிறகு என் வேட்டியைப் பார்த்தாள், பிறகு கிழிந்த பாக்கெட்டைப் பார்த்தாள்.

"ஏனுங்க, உப்புச்சக்கரைக்கு வாங்குனதாச்சே இது" என்றாள்.

நான் அழுதுவிட்டேன். முழு பஸ்ஸும் பார்க்க, அறுபது வயதில், மூக்கைச் சிந்திக்கொண்டு அழுதேன். அந்த அம்மாள் தன் கைக்குட்டையை எடுத்து என்னிடம் கொடுத்துவிட்டுப் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தார்.

கருமத்தம்பட்டியில் இறங்கி ஒரு பேக்கரியில் உட்கார்ந்தோம். தேங்காய் பன்னும் பாலும் வாங்கிக் கொடுத்தேன். இனிப்பைச் சாப்பிடு சாப்பிடு என்று நான் அவளைக் கெஞ்சியது பதினாலு வருடத்தில் அதுதான் முதல் தடவை. அங்கிருந்து சிஸ்டருக்குப் போன் போட்டேன். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். சீட்டு வாங்காமல் போனது என் தப்பு என்றும் சொன்னேன். அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "இப்ப எப்படி இருக்காங்க?" என்றுதான் கேட்டார். டாக்டரிடம் பேசிவிட்டுத் திரும்பக் கூப்பிட்டு, பகல் முழுக்க அடிக்கடி குத்திப் பார்க்கச் சொன்னார். மாலை ஊசிக்கான மருந்தின் அளவை வெகுவாகக் குறைத்துச் சொன்னார். மறுநாள் காலையில் நேரில் வரச் சொன்னார்.

திரும்பிப் போய்விடலாம் என்றேன். அவள் கேட்கவில்லை. பக்கத்துக் கடையில் புது சர்க்கரை பாக்கெட் வாங்கச் சொன்னாள். அவிநாசியில் அவள் தம்பி வாசலுக்கே ஓடி வந்து, "ஏக்கா இவ்வளவு நேரம், மாப்பிள்ளை வீட்டு ஒறம்பரையெல்லாம் காத்துக்கிட்டு இருக்காங்க" என்றான்.

"பஸ்சு வழியில நின்னு போச்சு கண்ணு" என்றாள். சபையில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் சர்க்கரைத் தட்டை எடுத்துக் கொடுத்தாள்.

மாலை வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது ஆறரை மணி. மீட்டரில் குத்திப் பார்த்தோம். ஊசி போடலாம் என்று சிஸ்டர் சொன்ன அளவில்தான் சர்க்கரை இருந்தது. இட்லி தட்டில் ஆவி வந்துகொண்டிருந்தது. ஏழு மணிக்கு மருந்தை எடுத்து உருட்டினேன். சிரிஞ்சில் கோடு வரைக்கும் இழுக்கப் பார்த்தேன். கோடு தெரியவில்லை. கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். கோடு இருக்கிறது, என் கைதான் ஆடுகிறது. ஷாஃப்டை அளக்கும்போது மூச்சைக்கூட அடக்கிக்கொள்கிற கை அது.

"என்னால ஆகாது. இனிமே நான் போட மாட்டேன். நாளையிலிருந்து கிளினிக்குல யாரையாச்சும் வரச் சொல்றேன்" என்று சிரிஞ்சைக் கட்டிலில் வைத்துவிட்டேன்.

அவள் சிரிஞ்சைத் தானே எடுத்தாள். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்து, சொன்ன அளவுக்குச் சரியாக இழுத்தாள். அறுந்த நூலைப் பிடித்துப் பழகிய விரல்களுக்கு அது ஒரு வேலையே இல்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. புடவையைச் சற்று விலக்கி, தொடையில் ஒரு பிடி சதையைக் கிள்ளிப் பிடித்தாள். கண்ணை மூடவில்லை.

சரி, இனி இதில் எனக்கு வேலை இல்லை என்று எழுந்தேன்.

"எங்கீங்க போறீங்க?"

"நீதான் போட்டுக்கறயே."

"அந்தக் கட்டி எனக்கு ஆறு மாசமாத் தெரியுமுங்க" என்றாள். "குளிக்கறப்போ கையில தட்டுப்பட்டுச்சு."

"தெரிஞ்சுமா சொல்லல? நான் உன்னைத் திருடின்னு டப்பாவைத் தொறந்து எண்ணுனப்போகூடவா?"

"சொல்லியிருந்தா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவீங்க. அவிங்க நீயே போட்டுக்கோன்னு எனக்குச் சொல்லிக் குடுத்துருவாங்க. அப்புறம் நீங்க எதுக்கு வந்து எம்பக்கத்துல உக்காரப் போறீங்க?" அவள் என்னைப் பார்க்கவில்லை, ஊசியையே பார்த்துக்கொண்டு பேசினாள். "கண்ணாலமாகி முப்பத்தி நாலு வருசத்துல, தினம் ரெண்டு வேளை நீங்க உக்காந்து நான் பேசறதைக் கேட்டது இந்த ஊசி வந்தப்புறந்தானுங்க. அது போயிருமேன்னு இருந்துட்டேன்."

ஆறு மாதம் அந்தக் கட்டியைச் சுமந்துகொண்டு, நான் சொன்ன பழியையும் சுமந்துகொண்டு, நான் பக்கத்தில் உட்காருகிற அந்தப் பத்து நிமிடத்துக்காகக் காத்துக்கொண்டிருந்திருக்கிறாள். கேட்டிருந்தால் சும்மாவே வந்து உட்கார்ந்திருப்பேன் என்று சொல்ல நினைத்தேன். வந்திருப்பேனா? தெரியவில்லை.

"ஊசிய நான் போட்டுக்கறனுங்க. நீங்க இப்படி வந்து உக்காருங்க" என்றாள்.

உட்கார்ந்தேன். ஊசி இறங்கியபோது அவளுக்கு வலித்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள். மருந்து முழுக்க உள்ளே போனதும் ஊசியை எடுத்து மூடி போட்டு ஓரமாக வைத்துவிட்டு, தம்பி வீட்டில் மாப்பிள்ளையின் அம்மா கட்டியிருந்த புடவையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். இட்லி ஆறுவதற்குள் அவளை எழுப்பிச் சாப்பிட வைக்க வேண்டும் என்று மட்டும் கடிகாரத்தை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டேன். எனக்கு வேறு எங்கும் போக வேண்டியிருக்கவில்லை.